ஜிப்ஸியில் உடம்பு நோகாமல் போக எந்த ஷாக் போடுவது?

கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், துணிக்கூரை வண்டி. முன்பு வைத்திருந்தவர் ஷாக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு; ஷாக் வேறு, இது வேறு) இரண்டு அங்குலம் நீட்டி, 235/75 ஆர் 15 மட் டயர் போட்டிருக்கிறார். மாதம் இரண்டு முறை பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போய், அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் எஸ்டேட் கல்ரோட்டில் போகிறார். கூட வந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கடையில் விலை உயர்ந்த மோனோட்யூப் கேஸ் ஷாக் (ஒற்றைக் குழாயில் வாயு அடைத்த ஷாக் அப்சார்பர்) நான்கையும் போடச் சொல்கிறார்கள். போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்குப் போடாதீர்கள். ஷாக் மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அது மூன்றாவது வேலை. முதல் இரண்டையும் செய்யாமல் ஷாக்கை மட்டும் மாற்றினால் பணம் போகும், அம்மாவின் இடுப்பு வலி போகாது. என் ஜிப்ஸியில் நானே இப்படிச் செய்திருக்கிறேன். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் அதிகமான கேஸ் ஷாக் போட்டேன். வளைவுகளில் வண்டி நன்றாக நின்றது. கல்ரோட்டில் முன்பைவிட மோசமாக உதறியது. ஒரு வருடம் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிட்டுக் கழற்றினேன். ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ள எனக்கு அதைவிட அதிக காலம் ஆனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரைக் கேட்டால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான் என்று தோன்றும். உண்மையில் குழியின் அடியை முதலில் வாங்குவது டயர், அப்புறம் ஸ்பிரிங். ஸ்பிரிங் வாங்கிய அடியைத் தனக்குள் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும், அதனால் வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஊஞ்சலைப் பிடித்து நிறுத்துகிற கைதான் ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சிறிய துளைகள் வழியாகவும், மெல்லிய தகடுகளை வளைத்துக்கொண்டும் போகும்போது அந்த ஆட்டம் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. வண்டியின் எடையை ஷாக் தாங்குவதில்லை. ஆகவே "ஹெவி ட்யூட்டி" ஷாக் போட்டால் சொகுசு கூடும் என்பது தவறு. கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, ஊஞ்சல் அவ்வளவு குறைவாக நகரும். நகராத ஸ்பிரிங்கால் அடியை வாங்க முடியாது.

ஜிப்ஸியில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. 1985-ல் வந்த முதல் ஜிப்ஸியிலிருந்து கடைசிவரை நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்தான் (வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது), முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற திட ஆக்ஸில். சுசுகி தன் சொந்த ஜிம்னியை 1990களிலேயே சுருள் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிட்டது. நம் ஊர் ஜிப்ஸிக்கு அந்த மாற்றம் வரவே இல்லை. பின்னால் எதிரெதிர் பெஞ்சில் ஆட்கள் உட்கார, சாமான் ஏற்ற என்று கணக்குப் போட்ட பட்டைகள் அவை. வெறும் வண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நீங்களும் அம்மாவும் மட்டும் போகும்போது பின்பக்கப் பட்டைக்குச் சுமையே இல்லாத மாதிரிதான்.

பட்டைக் கட்டில் ஒரு பட்டை இன்னொன்றின் மேல் உரசிக்கொண்டுதான் வளைய முடியும். அந்த உராய்வே ஒரு ஷாக்கின் வேலையைச் செய்கிறது, ஆனால் முரட்டுத்தனமாகச் செய்கிறது. ஷாக்கின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது: மெதுவாக நகர்த்தினால் சும்மா விடும், வேகமாக நகர்த்தினால் எதிர்க்கும். உராய்வு அப்படியில்லை. ஓர் அளவு விசை வரும்வரை பட்டைகள் அசையவே அசையாது. முட்டையளவு கற்கள் பரவிக் கிடக்கிற எஸ்டேட் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வருகிற சின்னச் சின்ன அடிகள் பல நேரம் அந்த அளவைத் தாண்டுவதில்லை. பட்டைக் கட்டு முழுதும் ஒரே இரும்புத் துண்டு போல நின்றுவிடுகிறது. அப்போது உங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஸ்பிரிங்காக இருப்பது டயர் மட்டும்தான். பட்டை அசையவில்லை என்றால் ஷாக்கும் அசையவில்லை. அசையாத ஷாக் என்ன பிராண்டாக இருந்தால் என்ன?

அதனால் முதல் வேலை டயர். பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கிறவர் கார், ஜீப் எல்லாவற்றுக்கும் முப்பத்தைந்து பிஎஸ்ஐ என்று அடித்து அனுப்புவது வழக்கம். ஒரு டன் வண்டிக்கு, அதுவும் ஒரிஜினல் 205-ஐவிடப் பெரிய டயரில், அது மிக அதிகம். தார் ரோட்டுக்கு வண்டியோடு வந்த ஸ்டிக்கரில் உள்ள அளவை எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்குங்கள். கல்ரோடு தொடங்கும் இடத்தில் நிறுத்தி, பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள். வேகம் இருபதைத் தாண்டக் கூடாது. திரும்பித் தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்ற வேண்டும். மலை இறக்கத்தில் காற்றுக் குறைந்த டயரோடு வளைவுகளில் இறங்குவது ஆபத்து. சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய கம்ப்ரசரும் நம்பகமான அளவுமானியும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் விலையில் சிறு பங்குதான் ஆகும். எஸ்டேட் ரோட்டில் கிடைக்கும் வித்தியாசம் எந்த ஷாக் தருவதைவிடவும் பெரிது. உங்கள் மட் டயர் லாரி டயர் வகையில் கனமான பக்கச்சுவர் கொண்டதாக இருந்தால் காற்றைக் குறைத்தாலும் அவ்வளவாக வளையாது. சேறு, உழவுக் காடு என்று போகாதவருக்கு அந்த டயர் தேவையில்லை. அடுத்த முறை மாற்றும்போது எடை குறைந்த ஆல்டெரெய்ன் டயர் எடுங்கள். சக்கரம் கனமாக இருந்தால் மேலே எறியப்பட்டதும் அதை அடக்க ஷாக் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இரண்டாவது வேலை பட்டை. இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஏனென்றால் உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டை பழசாகி இறுகிவிட்டது என்று மெக்கானிக் சொல்வார். எஃகு பழசானால் தொய்யும், உடையும், இறுகாது. அரிவாள் அடிக்கிற பட்டறைகளில் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்குகிறார்கள் என்றால் அந்த எஃகு அவ்வளவு காலம் தாங்குகிறது என்றுதானே பொருள்? இறுகுவது பட்டைகளுக்கு நடுவில் ஏறிய துருவும், மண்ணும், ஷாக்கிளில் மாட்டிக்கொண்ட போல்ட்டும்தான். நான்கு பட்டைக் கட்டுகளையும் இறக்கிப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, முனைகள் மேல்பட்டையின் அடிப்புறத்தில் பதிந்து உண்டாக்கிய பள்ளத்தைத் தேய்த்துச் சமமாக்கி, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகப் பூசி மறுபடி கட்டச் சொல்லுங்கள். கிரீஸ் ரப்பர் புஷ் (பட்டை முனையில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) மேல் படக் கூடாது. பட்டை முனைகளுக்கு நடுவே வைக்கிற வழுவழுப்பான பிளாஸ்டிக் துண்டுகள் கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டைச் சுற்றியிருக்கும் கிளிப் பட்டைகளை நெரிக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புஷ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், ரப்பரே போதும். பாலியூரிதேன் உழைக்கும், ஆனால் ரப்பரின் மென்மை அதற்கு இல்லை. மாட்டும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக நில்லுங்கள்: ஜாக்கியில் வண்டி தொங்கும்போது புஷ் போல்ட்டுகளை இறுதியாக முறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்பிரிங்குக்கு மேல் இன்னொரு ஸ்பிரிங் சேர்ந்தது போல ஆகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டியின் எடை பட்டை மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு.

அப்படியே அந்த நீண்ட ஷாக்கிளையும் கழற்றிவிட்டு ஒரிஜினல் அளவைப் போடுங்கள். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது கிட்டத்தட்ட ஒரு அங்குலம்தான். அந்த ஓர் அங்குலத்துக்காக ஷாக் எப்போதும் தேவைக்கு அதிகமாக நீண்ட நிலையிலேயே நிற்கிறது. குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழுதும் நீண்டு "டொக்" என்று முட்டும். அந்தச் சத்தம் உங்கள் வண்டியில் வருகிறதா என்று கவனியுங்கள். முன்னால் நீட்டியிருப்பதால் கேஸ்டர் கோணமும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்திருக்கும், நேர் ரோட்டில் ஸ்டீயரிங் அலைந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு முறை வால்பாறை போய்விட்டு வாருங்கள். ஷாக்கைப் பற்றி அப்போதுதான் சரியாக முடிவெடுக்க முடியும். பம்பரை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை கார்களுக்குச் சரி. பட்டை வண்டியில் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடுவதால், செத்த ஷாக்கும் நல்லதாகத் தெரியும். கல்ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி நான்கு ஷாக்கையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சுடும், கவனமாகத் தொடுங்கள். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். மற்றதெல்லாம் சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது போய்விட்டது. கழற்றி நேராக நிறுத்திக் கையால் ஏற்றி இறக்கும்போது நடுவில் எங்காவது எதிர்ப்பில்லாமல் வழுக்கினாலும் அதே கதைதான். மேல்புறம் எண்ணெய்ப் பூச்சு போல ஈரம் தெரிவது சாதாரணம், வழிந்து தூசி ஒட்டிப் பிசுபிசுத்திருந்தால் மாற்ற வேண்டும்.

சரி, எதை வாங்குவது? அதற்கு முன் இரண்டு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் மேலே ஏறி ஷாக் சுருங்குவது கம்ப்ரெஷன். அது திரும்ப நீள்வது ரீபவுண்ட். நல்ல ஷாக்கில் ரீபவுண்ட் எதிர்ப்பு கம்ப்ரெஷனைவிட அதிகமாக இருக்கும், பொதுவாக இரண்டு மூன்று மடங்கு. குழியின் அடி உங்கள் முதுகுக்கு வருவது கம்ப்ரெஷனில். குழி தாண்டிய பிறகு வண்டி தலையாட்டாமல் நிற்பது ரீபவுண்டால். ஜிப்ஸியில் பட்டை உராய்வு இரண்டு பக்கமும் ஏற்கெனவே எதிர்ப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே ஷாக்கின் கம்ப்ரெஷன் மிக மென்மையாக இருக்க வேண்டும், ரீபவுண்ட் நடுத்தரமாக இருந்தால் போதும். வேகத்தடையில் ஏறும்போதே முதுகில் குத்துகிறது என்றால் கம்ப்ரெஷன் அதிகம். இறங்கிய பின் இரண்டு மூன்று முறை தலையாட்டினால் ரீபவுண்ட் போதவில்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: முதல் சில கற்களில் நன்றாக இருந்துவிட்டு, தொடர்ந்து கற்கள் வரும்போது போகப் போக இறுகும். அது ரீபவுண்ட் அதிகமானதால் வருவது. அடுத்த கல் வருவதற்குள் சக்கரத்தால் கீழே இறங்க முடியாமல், பட்டை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) மேல் ஓடுகிற நிலைக்கு வந்துவிடுகிறது.

கேஸ் ஷாக் பற்றி. ஷாக் வேகமாக ஏறி இறங்கும்போது எண்ணெயில் காற்று கலந்து நுரைத்தால் எதிர்ப்பு விழுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன். ட்வின்ட்யூப் வகையில், அதாவது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும் ஷாக்கில், அது குறைந்த அழுத்தத்தில் இருக்கும். மோனோட்யூப்பில் எண்ணெயும் வாயுவும் ஒரே குழாயில், நடுவில் மிதக்கும் பிஸ்டனோடு, அதிக அழுத்தத்தில், 25 பார் (ஒரு பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ) அளவிலும் இருக்கும். அந்த அழுத்தம் ஷாக் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். 14 மில்லிமீட்டர் தண்டு என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். 25 பாரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 38 கிலோ. முன்னால் இரண்டு ஷாக்குக்கும் சேர்த்து 75 கிலோவுக்கு மேல் வண்டியைத் தூக்கிப் பிடிக்கிறது. இரண்டு டன் வண்டிக்கு இது ஒன்றுமில்லை. ஜிப்ஸிக்கு இது கண்ணுக்குத் தெரியும் அளவு உயரத்தைக் கூட்டும். அதோடு அந்த அழுத்தத்தைத் தாங்க சீல் தண்டை இறுக்கிப் பிடிப்பதால், சின்ன அடிக்கு அசையாத உராய்வு இன்னும் கொஞ்சம் சேர்கிறது. நம் எதிரியே அந்த உராய்வுதானே.

மோனோட்யூப்பை நான் குறை சொல்லவில்லை. வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும், எப்படிச் சாய்த்து மாட்டினாலும் வேலை செய்யும். கனமான வண்டியை மணற்காட்டில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டுபவருக்கு அதுதான் சரி. எஸ்டேட் ரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் எண்ணெய் நுரைக்கும் அளவுக்கு நீங்கள் ஷாக்கை வேலை வாங்கப் போவதில்லை.

என் தேர்வு சாதாரண எண்ணெய் ட்வின்ட்யூப், அல்லது குறைந்த அழுத்த கேஸ் ட்வின்ட்யூப். ஒரிஜினல் அளவில் கேப்ரியல் போன்ற இந்தியத் தயாரிப்பு நல்ல கடையில் கிடைத்தால் அதையே முதலில் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் ஃபோம் செல் வகை இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் அயர்ன்மேன் இதற்குப் பெயர் பெற்றது. வாயுவுக்குப் பதிலாக மூடிய துளைகள் கொண்ட ஃபோம் உள்ளே இருக்கும். எண்ணெய் நுரைப்பதும் குறையும், தண்டைத் தள்ளும் அழுத்தமும் கிடையாது. நான் இப்போது ஓட்டுவது இந்த வகைதான், எண்பதாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. இன்னொரு வழி, ரீபவுண்டை மாற்றிக்கொள்ளக்கூடிய கோனி. பட்டையைச் சுத்தம் செய்த பிறகு எவ்வளவு எதிர்ப்பு தேவை என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால் மாற்றிக்கொள்ளும் வசதி உண்மையிலேயே உதவும். வெளிநாட்டுப் பட்டியல்களில் ஜிப்ஸி என்ற பெயர் இருக்காது. இதே குடும்பத்து வண்டி அமெரிக்காவில் சாமுராய், ஆஸ்திரேலியாவில் சியரா. அந்தப் பெயர்களில் தேடுங்கள், ஆனால் அவை பெரும்பாலும் நீளம் குறைந்த வண்டிகள் என்பதால் அளவெடுக்காமல் வாங்காதீர்கள்.

பட்டையையே மாற்றி, எண்ணிக்கை குறைந்த பாரபாலிக் பட்டை போடுவதாக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழாகும். அதில் பட்டைகள் நடுவிலும் முனையிலும் மட்டுமே தொடுவதால் உராய்வு மிகக் குறைவு. ஆட்டத்தை நிறுத்துகிற முழு வேலையும் ஷாக்குக்கே வரும், அதனால் இன்னும் வலுவான ஷாக் வேண்டும். ஒருவர் வண்டியில் அருமையாக இருக்கிற ஷாக் இன்னொருவர் வண்டியில் ஏன் மோசமாக இருக்கிறது என்பதற்கு இது பெரிய காரணம். பெரிய ஜீப்பின் ஷாக்கை ஜிப்ஸியில் மாட்டுகிற பழக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஷாக் முனையில் இருக்கும் கண்ணும் போல்ட்டும் பொருந்தலாம். உள்ளே இருக்கிற வால்வு ஒன்றரை இரண்டு டன்னுக்கானது.

அளவெடுப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்க ஷாக்கைக் கழற்றிவிட்டு, அந்தச் சக்கரத்துக்குக் கீழே ஜாக்கி கொடுத்து பட்டை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நன்றாக அமுங்கும்வரை தூக்குங்கள். மேல் போல்ட்டின் மையத்திலிருந்து கீழ் போல்ட்டின் மையம்வரை அளந்து எழுதுங்கள். வாங்குகிற ஷாக் முழுதும் சுருங்கிய நீளம் அதைவிட இருபது மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய குழியில் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக் முட்டி, உள்ளே உடையும், மாட்டியிருக்கும் பிராக்கெட்டும் பிய்ந்து வரலாம். அடுத்து சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு அதே தூரத்தை அளங்கள். ஷாக் முழுதும் நீண்ட அளவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பேர் ஏறி சமதரையில் நிற்கும்போது ஷாக் தன் ஓட்டத்தின் நடுப்பகுதியில் இருந்தால் சரியாக வாங்கியிருக்கிறீர்கள்.

முன்னால் இரண்டும் அல்லது பின்னால் இரண்டும் சேர்த்தே மாற்ற வேண்டும். ட்வின்ட்யூப் ஷாக் கடையில் படுக்க வைக்கப்பட்டிருக்கும், அதனால் மாட்டும் முன் நேராக நிறுத்தி ஐந்தாறு முறை முழுதும் ஏற்றி இறக்குங்கள், உள்குழாயில் தங்கிய காற்று அங்கிருந்து விலகிவிடும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு புது ஷாக் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டை இறக்கி ஏற்றியிருப்பதால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸிலைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். இது விட்டுப்போகக் கூடாத வேலை. தளர்ந்தால் ஆக்ஸில் நகரும்.

அம்மாவைப் பின் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். அது பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே இருக்கிறது, எந்த ஷாக் போட்டாலும் அங்கேதான் அடி அதிகம். முன் சீட்டில் உட்கார வைத்து, பழைய ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு அடர்த்தியான புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். காற்றைக் குறைத்து, பட்டையைச் சுத்தம் செய்து, ஷாக்கிளை மாற்றிய பிறகு ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு அளவுகளையும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எந்த ஷாக் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று அளவைப் பார்த்துச் சொல்கிறேன்.